ஆரன் அடிக்காமல் பன்னிரண்டு கிலோமீட்டர்

காலை ஐந்தரை மணி. ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் பால் டிப்போவிலிருந்து புறப்பட்டோம். தொண்ணூற்று மூன்றாம் வருடத்து மார்கழி. ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், தினமும் போகிற பாதைதான். ஆனால் அன்று பழைய டீசல் வேனை டிப்போவில் விட்டுவிட்டு, ஒரு பேட்டரி வேனில் ஏறியிருந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து அதைக் கொண்டுவந்தவர், ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லி, லாட்ஜில் தூங்கப் போய்விட்டார். முழுச் சார்ஜில் ஐம்பது கிலோமீட்டர் ஓடுமாம். பின்னால் ஆறு கேன், இருநூற்று நாற்பது லிட்டர் பால். ஆறரைக்குள் பால்கோவா அடுப்படியில் இறக்கியாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று அடுப்படிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். என் பிழைப்பே அந்த ஒரு வாடிக்கைதான்.

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. பதினைந்து வருடம் டீசல் வேன் ஓட்டிய டிரைவர் சங்கரபாண்டியே இரண்டு தடவை வெளியே எட்டிப் பார்த்தான்.

"மொதலாளி, இது ஓடுதா நிக்குதான்னே தெரிய மாட்டேங்கு."

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்றேன். ரோட்டை நான் பார்க்கவில்லை. என் கண் சார்ஜ் காட்டும் முள்ளிலேயே இருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு மம்சாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கு. முள் முக்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. நடுவழியில் நின்றால் இத்தனை பாலை எதில் ஏற்றுவேன்? எதிரே வந்த லாரிக்குச் சங்கரபாண்டி ஆரன் அடித்தான். முள் லேசாக ஆடியது போலிருந்தது.

"ஆரன் அடிக்காதப்பா. சார்ஜத் தின்னுரும்."

"ஆரன் இல்லாம எப்படி மொதலாளி?"

"சொன்னாக் கேளு."

ஸ்ரீவில்லிபுத்தூர் தெருவிளக்குகள் தெரிந்ததும் ஹெட்லைட்டையும் அணைக்கச் சொன்னேன். தீர்ந்துபோன டிரான்சிஸ்டர் பேட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுகிறவன் நான். என் புத்தி வேறு எப்படிப் போகும்?

ஆறு பத்து. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒன்று. மார்கழி என்பதால் கோலங்கள் வாசலோடு நிற்காமல் பாதித் தெருவரை வந்திருந்தன. பனி வேறு. திடீரென்று எங்களுக்கு நேர் முன்னால் ஓர் அம்மாள், முதுகைக் காட்டிக் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். சங்கரபாண்டியின் கை ஆரனுக்குப் போனது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தான்.

பிறகுதான் பிரேக்கை மிதித்தான். பால் பாரமும் பேட்டரி பாரமும் சேர்ந்து வண்டியை முன்னால் தள்ளின. வண்டி நின்றபோது அவர் முதுகுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

அவர் திரும்பினார். கையிலிருந்த மாவுக் கிண்ணம் விழுந்தது.

"ஏலே, ஆளக் கொல்லதுக்கா வார? ஒரு சத்தம் குடுத்தா என்னலே கொறஞ்சு போயிரும்?" என்று சங்கரபாண்டியைப் பார்த்துக் கத்தினார்.

"எம் மேலதாம்மா தப்பு" என்று இறங்கினேன். மறுபடி வண்டியில் ஏறப் பயமாக இருந்தது. அடுப்படி வரைக்கும் வேனுக்கு முன்னால் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். ஆறு இருபத்தைந்துக்குப் பால் இறங்கியது. ஒரு ரூபாய் டீ வாங்கினேன். பாதி சட்டையில் கொட்டியது.

எட்டு மணிக்கு ராஜபாளையம் திரும்பினோம். கோயம்புத்தூர்க்காரர் முள்ளைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"பாதிச் சார்ஜ் மிச்சமிருக்குதுங்க!"

"ஆரன் அடிச்சா எம்புட்டுங்க செலவாகும்?"

சிரித்தார். "ஆரனுக்கும் லைட்டுக்கும் தனி பேட்டரிங்க. நாளெல்லாம் அடிச்சாலும் இந்த முள்ளு அசையாதுங்க."

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் பழைய டீசல் வேன். அதன் இரைச்சலுக்காகப் பல வருடம் கூச்சப்பட்டவன் நான். அதே தெருவில் திரும்பினோம். அதே அம்மாள் குனிந்திருந்தார். நாங்கள் நாலு வீடு தள்ளி வரும்போதே, தலையைக்கூடத் திருப்பாமல், மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.