குழாய் மேல் கமிட்டி

கராடியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் ஒருவரும் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை. ஏதோ ஒரு தேசத்து ஃபுட்பால் சீசன் தொடங்கப்போகிறது, அதில் ஏதோ ஒரு அணியின் பின்வரிசையில் யாரை நிறுத்துவது என்று காபி மெஷின் பக்கத்தில் நின்று சண்டை போடுகிறார்கள். இவர்கள் பேசுவதை அந்த அணியின் பயிற்சியாளர் கேட்கப்போவதில்லை. அது இவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் என்னிடமும் கேட்டான். நான் சிரித்து வைத்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப்பட்ட கமிட்டி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அந்தக் கமிட்டி, அப்போது நாங்கள் இருந்த தாபோடியில் ஒரு சிமெண்ட் குழாயின் மேல் கூடும். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு காலேஜ் மைதானம் இருந்தது. அதன் ஓரத்தில் சாக்கடை வேலைக்கென்று யாரோ கொண்டுவந்து போட்டு மறந்துபோன பெரிய குழாய். ஃபாக்டரியில் முதல் ஷிப்ட் முடிந்ததும் அப்பாவும் அவரோடு வேலை பார்ப்பவர்களும் டீயைக் குடித்துவிட்டு அதன்மேல் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். காலேஜ் பையன்கள் எதிரே சேற்றில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். மழை வந்தால் குடை விரியும், ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். டீக்கடைக்காரர்தான் இவர்களுக்குக் 'கமிட்டி' என்று பெயர் வைத்தார். கிண்டலுக்கு வைத்த பெயர் என்பது எனக்குத் தெரியாது. இவர்கள் பேசி முடிவெடுத்துத்தான் டீம் அமைகிறது என்று நான் முழுசாக நம்பியிருந்தேன்.

அந்த வருடம் கமிட்டியின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான். யார் ஸ்டாப்பர்? கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனையெல்லாம் மறித்து அனுப்பும் ஆள் ஸ்டாப்பர். பழைய ஸ்டாப்பர் படிப்பை முடித்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் கோலாப்பூரிலிருந்து வந்து சேர்ந்த நெட்டைப் பையன். இன்னொருவர் என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவுக்கு ரொம்பவும் இளையவர், எங்களோடு தங்கி அந்தக் காலேஜில்தான் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் ஃபாக்டரியில் அப்ரண்டிஸ் பரீட்சை வந்தது. அப்பா அலைந்து திரிந்து அவருக்கு ஹால் டிக்கெட் வாங்கிவந்திருந்தார். பரீட்சை நாளன்று சித்தப்பா லோக்கல் ட்ரெயின் ஏறித் தளேகாவுக்கு ஃபுட்பால் ஆடப் போய்விட்டார். சாயங்காலம் ஒரு கோப்பையோடு திரும்பிவந்தார். அப்பா கோப்பையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அம்மா அந்தக் கோப்பையில் புளி போட்டு வைத்தாள்.

இரண்டே அறை கொண்ட வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அதற்குத்தான் நான் இருந்தேன். சித்தப்பா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார், அப்பா என்னைப் பார்த்து, "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, தண்ணி வந்துட்ச்சி, குளிக்கறதுன்னா குளிக்கட்டும்" என்பார். நான் திரும்பி, "தண்ணி வந்துட்ச்சாம்" என்பேன். "சரின்னு சொல்லு" என்பார் சித்தப்பா. நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவேன். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் அதுவரை என்னை யாரும் அவ்வளவு மதித்ததில்லை.

அம்மாதான் நடுவில் புகுந்து ஒரு வழி பண்ணினாள். இந்த வருடம் காலேஜ் டீமில் ஸ்டாப்பர் இடம் கிடைத்தால் படிப்பு முடியும்வரை ஃபுட்பாலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் பூட்ஸ் பரணுக்குப் போய்விட வேண்டும், அடுத்த பரீட்சையை ஒழுங்காக எழுத வேண்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள், என் வழியாகத்தான். ஆக, அந்த மழைக்காலத்தில் சித்தப்பாவின் ஆட்டமே இருக்குமா போகுமா என்பது அந்த ஒரு இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கே பாவமாக இருக்கும்.

கமிட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. முந்தின வருடம் ஒரு மலையாளி சேட்டன் தன் மச்சினனைக் கோல்கீப்பராக்க வேண்டும் என்று ஓயாமல் புகழ்ந்து, அது வாய்த்தகராறாகிக் குடை உடையும்வரை போயிருக்கிறது. அதன்பிறகு போட்ட சட்டம். சொந்தக்காரன் போட்டியில் இருந்தால் அவனுக்காகப் பேசக் கூடாது, பேசுவதானால் எதிராளிக்காகத்தான் பேச வேண்டும். யார் பக்கம் தோற்கிறதோ அவர் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கித் தர வேண்டும். கமிட்டிக்குத் தலைவர் மாதிரி இருந்த மராட்டிக்காரக் காகா, முதல் நாளே குடையால் அப்பாவைச் சுட்டிக்காட்டி, "அண்ணா, தும் கோலாப்பூர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

தலையாட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பாவும் ஒரு காலத்தில் ஃபாக்டரி டீமில் ஸ்டாப்பராக நின்று, முட்டி போனதும் நிறுத்தியவர். கோலாப்பூர்க்காரனுக்காக வாதாடுகிறேன் என்று சித்தப்பாவைப் பிரித்து மேய ஆரம்பித்தார். பந்தையே பார்க்கிறான், பந்துக்குப் பின்னால் வருகிற ஆளைப் பார்க்கிறதில்லை என்றார். இடதுகால் அவனுக்கு நிற்பதற்கு மட்டும்தான் என்றார். சேறு என்றால் அவசரப்பட்டு முன்னாலேயே சறுக்கி விழுந்துவிடுகிறான், கோலாப்பூர்க்காரனைப் பார், ஒரு நொடி பொறுத்துப் போகிறான் என்றார். காகா சித்தப்பாவின் பக்கம். "அரே, லட்கா ஷேர் ஹை" என்று பையனைச் சிங்கமாக்கித் தொடையைத் தட்டுவார். அப்பா விடமாட்டார். கமிட்டியில் பேச்செல்லாம் ஹிந்தியில்தான். முக்கியமான குற்றச்சாட்டு வரும்போது மட்டும் அப்பா என் பக்கம் திரும்பி அதைத் தமிழில் ஒருமுறை சொல்வார், குழந்தைக்கு விளங்கட்டுமே என்று. அந்த வயதில் எனக்குத் தமிழைவிட ஹிந்திதான் நன்றாக வரும்.

குழாயிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிற மாதிரி கேட்பார்.

"இன்னிக்கி நான் இன்னா சொன்னேன்?"

"சித்தப்பாவுக்கு எடது காலு வராதுன்னு சொன்ன."

"எப்ப வராது?"

"அந்தப் பக்கமா பந்து வந்தா, சுத்திக்கினு வந்து சோத்துக்கால்ல ஒதைக்கிறாரு. அதுக்குள்ள ஆளு பூட்றான்."

"ம். வூட்ல போய் யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

இந்தக் கடைசி வாக்கியம் தினமும் தவறாமல் வரும். நானும் தினமும் தவறாமல் நேரே கொல்லைப்பக்கம் ஓடுவேன். சித்தப்பா தண்ணீர் ட்ரம் பக்கத்தில் குந்தி பூட்ஸில் அப்பிய சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருப்பார். எனக்கு அப்பாமேல் அப்படியொரு கோபம். கூடப்பிறந்த தம்பியை ஊரார் முன்னால் இப்படிப் பேசுவார்களா? அத்தனையையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிடுவேன். சித்தப்பாவுக்கும் கோபம் வரும், இரண்டு பேரும் சேர்ந்து கோபப்படலாம் என்று காத்திருப்பேன். அவருக்கு வராது. "எந்தப் பக்கமா வந்தான்னு சொன்னாரு?" என்பார். "விழறதுக்கு முன்னாடியா, விழுந்த பெறகா?" என்பார். ரோஷம் கெட்ட மனுஷன் என்று தோன்றும்.

மறுநாள் விடிந்ததும் கொல்லைச் சுவரில் பந்து மோதுகிற சத்தம் கேட்கும். இடதுகாலால் மட்டுமே உதைத்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அம்மாள் மராட்டியில் திட்டுவார். அப்பா காபியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்பார். பிறகு, "கவர்மெண்ட் செவுருன்னு சொல்லு அவன்கிட்ட" என்று எனக்கு உத்தரவு வரும். நான் போய்ச் சொல்வேன். சத்தம் நிற்காது. அப்பாவும் இரண்டாவது தடவை சொல்லி அனுப்பமாட்டார்.

வாரங்கள் போகப்போக அப்பாவுக்குக் குற்றம் கண்டுபிடிப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. இடதுகால் என்று ஆரம்பிப்பார், அந்தச் சமயம் பார்த்துச் சித்தப்பா இடதுகாலால் ஒன்றைத் தூக்கி ரயில் பாதைப் பக்கம் அனுப்புவார். காகா சிரித்துக் குழாயிலிருந்து விழப்பார்ப்பார். எனக்கு இது கடவுள் கொடுக்கிற தண்டனையாகத்தான் பட்டது. டீம் அறிவிப்பதற்கு முதல் நாள் அப்பா புதிதாக ஒன்றைப் பிடித்தார். சித்தப்பா வாயே திறக்கவில்லை என்றார். ஸ்டாப்பர் நிற்கிற இடத்திலிருந்துதான் மைதானம் மொத்தமும் தெரியும், அவன்தான் மற்றவர்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டும், இவன் ஊமை மாதிரி நிற்கிறான் என்றார். என் பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ நல்லா ஆடினாலும் வாயத் தொறக்காத ஆளு ஸ்டாப்பருக்கு லாயக்கில்ல. புரியுதா?"

நான் இதைக் கொண்டுபோய்ச் சொன்னபோதுதான் சித்தப்பா முதல்முதலாகக் கோபப்பட்டார். குச்சியைத் தூக்கி எறிந்தார்.

"யாரு, நானா வாயத் தொறக்காத ஆளு? அவரு தொறந்தாரா?"

"தொறந்துதானே இதெல்லாம் சொன்னாரு" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு மறுபடி பூட்ஸை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் டீமை இரண்டாகப் பிரித்துவிட்டு ஒரு ஆட்டம் வைத்தார்கள். ஒரு பக்கம் சித்தப்பா ஸ்டாப்பர், இன்னொரு பக்கம் கோலாப்பூர்க்காரன். மழை சரசரவென்று பெய்துகொண்டிருந்தது. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மைதானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பின்னாடி ஆளு! பின்னாடி பாருடா! வுடு, நான் எட்த்துக்கறேன்!"

சித்தப்பா தமிழில் கத்திக்கொண்டிருந்தார். அவசரத்தில் அவருக்கு வேறு பாஷை வரவில்லை. டீமில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் கை நீட்டிய பக்கம் ஆட்கள் ஓடினார்கள், விடச் சொன்ன பந்தை விட்டார்கள். கமிட்டி மொத்தமும் வாய்விட்டுச் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவருடைய முறை.

"போலோ அண்ணா" என்றார் காகா.

அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.   குடையை என் கையில் கொடுத்து, "நேரா பிடி" என்றார். அன்று கமிட்டியில் அவர் பேசியது அவ்வளவுதான். குடைக்கு வெளியே அவர் தலை நனைந்துகொண்டிருந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் பையைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஜெர்சி கொடுத்தார். அஞ்சாம் நம்பர் ஸ்டாப்பருக்கு. அதைச் சித்தப்பாவின் தோளில் தூக்கிப் போட்டார். கோலாப்பூர்க்காரன் வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். காகா அப்பாவின் முதுகில் அறைந்து, "ஹார் கயா, ஹார் கயா!" என்று குதித்தார். அப்பா தோற்றுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஆனாலும் சட்டென்று அப்பாவை நினைத்துத் துக்கமாகவும் இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கத் தொண்டை வற்றப் பேசியது வீணாகிவிட்டதே. இனி ஃபாக்டரியில் இவர் பேச்சை யார் கேட்பார்கள்? நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தோற்றவர் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். தனக்கு எடுத்துக்கொண்டதைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"உங்க சித்தப்பாவுக்குக் குடு. நான் குட்த்தேன்னு சொல்லாத."

கொல்லையில் சித்தப்பா ஜெர்சியை ட்ரம்மின் மூடிமேல் விரித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தார். பூட்ஸைக் கழற்றக்கூட இல்லை.

"இந்தா. அப்பா குட்த்தாரு, தான் குட்த்தேன்னு சொல்ல வேணான்னாரு" என்று நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். "இன்னிக்கி இன்னா சொன்னாரு?" என்றார்.

ஜெயித்த பிறகும் இவருக்குத் திட்டு வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒண்ணுமே சொல்லல. கொடைய நேரா பிடின்னாரு" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

சித்தப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். சேற்றுக் கை, கன்னமெல்லாம் கோடு விழுந்தது. வடாபாவைப் பாதி தின்ற பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள போய் உங்கப்பாகிட்ட சொல்லு. மேல வர்ற பந்துக்கு நான் இன்னும் லேட்டாதான் குதிக்கிறேன். நாளைக்கி அத்த பாக்கச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். துவட்டுவதை நிறுத்தினார். "நானும் பாத்தேன்" என்றார், கொல்லைக்குக் கேட்கிற மாதிரி.

அடுப்படியில் அம்மா புளியை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டுக் கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தன்னை அத்தனை நாள் திட்டித் தீர்த்த ஆளிடம், இன்னும் ஒரு குறை பாக்கியிருக்கிறது, வந்து பார்த்துக்கொள் என்று தானாகவே சொல்லி அனுப்புகிற ஒரு மனிதரைப் போய் அஞ்சாம் நம்பரில் நிறுத்தியிருக்கிறார்களே, இந்த வருடம் காலேஜ் தேறாது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.