டோலி திரும்பாத முக்கு

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரு எஞ்சினியர் குடிவந்தார். கூக்காலில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால்தான் எங்கள் ஊர். அங்கே அரசாங்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தது. செங்கல்கூட மட்டக்குதிரை முதுகில்தான் வந்தது. கட்டுவது காண்ட்ராக்டர்; கட்டச் சொன்ன துறைக்காகக் கூடவே நின்று பார்ப்பது இந்த எஞ்சினியர் பொறுப்பு. ஊரே மேடம் என்றது. என்னை மட்டும் அக்கா என்று கூப்பிடச் சொன்னார். இரண்டில் எதையும் விட மனமில்லாமல் நான் மேடக்கா என்றேன்.

காலையில் மேடக்காதான் எனக்குத் தலை பின்னிவிடுவார். அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும். மேடக்கா பின்னினால் தூக்கம் வரும். பின்னி முடித்த பிறகு வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டு, கலைந்துவிட்டது என்று மறுபடி போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம். அந்தக் காண்ட்ராக்டரிடம் கொத்தனாராக இருந்தவர் என் அப்பா. தான் எழுப்பும் சுவரில் பகலெல்லாம் தூக்குக்குண்டு விட்டு நேராக நிற்கிறதா என்று பார்ப்பவரோடு வீட்டில் என்ன பேசுவது? மேடக்காவுக்குச் சாப்பாடும் எங்களோடுதான்; அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் காட்டுக் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை டோலியில் கூக்காலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீளமான கம்பில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எங்களுக்கு அது பழகிய காட்சி. மேடக்கா அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் அதேபோல் ஒரு கம்பும் கம்பளியும் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தன. "பாப்பா, கொஞ்ச நேரம் நோயாளியா இருக்கியா?" என்றார் மேடக்கா. பெருமையாகப் படுத்துக்கொண்டேன். இரண்டு பேர் என்னைத் தூக்கி வாசல் வழியாக உள்ளே போனார்கள். பிரசவ அறைக்குத் திரும்பும் முக்கில் கம்பு சிக்கிக்கொண்டது. பின்னால் இழுத்தார்கள், சாய்த்தார்கள். என் நெற்றி சுவரில் மோதியது.

"பிளான்ல உள்ளபடிதான மேடம் கட்டியிருக்கு? வாசல்ல எறக்கி ஸ்ட்ரெச்சர்ல மாத்துனா முடிஞ்சது சோலி" என்றார் காண்ட்ராக்டர்.

"மாத்துற நெலமையிலயா எல்லாரும் வருவாங்க?" என்ற மேடக்கா, என் பக்கம் குனிந்தார். "பாப்பா, இடிச்சுச்சா?"

அப்பா கொத்துக்கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். நான்கு நாள் பாடுபட்டு அவர் எழுப்பிய கடைசிச் சுவர் அது. மேடக்காவே குறை சொல்லாத சுவர்.

"இல்லக்கா. இடிக்கவே இல்ல."

அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "இடிச்சிருக்கு மேடம். புள்ள எனக்காகச் சொல்லுது. நீங்க வெரசா மேல எழுதிப் போடுங்க. நானே பிரிச்சுத் தள்ளிக் கட்டுறேன்."

மேடக்காவிடம் அவர் அத்தனை வார்த்தை பேசியது அன்றைக்குத்தான்.

துறையிலிருந்து அனுமதி வந்ததும் அப்பா ஒரு கல் உடையாமல் சுவரைப் பிரித்தார். அன்று சாப்பிடும்போது இருவரும் சிரித்துப் பேசினார்கள். அப்பாவுக்காகப் பொய் சொன்ன எனக்கோ இருவர் மேலும் கோபம். அடுத்த பத்து நாள் அம்மாவிடமே தலை பின்னிக்கொண்டேன். மேடக்கா சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்ப்பார். பிறகு வேலைக்குக் கிளம்பிவிடுவார். வாழ்க்கையில் எத்தனையோ வீணாக்கியிருக்கிறேன். அந்தப் பத்துக் காலைகளுக்கு ஏங்கியதைப் போல வேறு எதற்கும் ஏங்கியதில்லை.

கோபம் தீர்ந்தபோது சுவரைத் தள்ளிக் கட்டி முடித்து, கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சாவியைத் துறையிடம் ஒப்படைத்த மறுநாளே மேடக்கா கிளம்பினார். அவர் பெட்டியை அப்பா தலையில் வைத்துக்கொண்டு கூக்கால் வரை போனார். திறப்பு விழாவுக்கு யார் யாரோ வந்தார்கள். மேடக்காவைக் காணோம்.

"அவுகளுக்கு வேற ஊர்ல சோலி இருக்கும் தாயி" என்றார் அப்பா.

நான் நம்பவில்லை. அந்த ஆஸ்பத்திரி மேடக்காவுடையது என்றே நினைத்திருந்தேன். தன்னுடையதை விட்டுவிட்டு ஒருவர் எத்தனை நாள் வெளியூரில் இருப்பார்? பள்ளிக்கூடம் விட்டதும் பாதை ஏறிவரும் இடத்தில் போய் நிற்பேன். பூண்டு வியாபாரி வருவார், தபால்காரர் வருவார். பனி இறங்கிப் பாதை மறைந்ததும், சரி, நாளைக்கு வருவார் என்று வீட்டுக்குத் திரும்புவேன்.