பெருத்துப்போன சக்கரம்

நேற்று பசுவந்தனைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, செருப்பில் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்த ஈர வாசனையில் ஜெயராணி ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்கு மல்லிகை வாசனையில் சிநேகிதி ஞாபகம் வரலாம். எனக்குச் சேற்றில்தான் வருவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் பள்ளி ஹாக்கி அணியில் இருந்தோம். கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர் அப்பாக்களுக்கு யார் சொல்வது? "பொட்டப்பிள்ள பஸ் ஏறிப் போயி வெளாடணுமாக்கும்?" என்றார் என் அப்பா. அதனால் கோவில்பட்டி டவுன் அணியை எங்கள் ஊருக்கே கூப்பிட்டிருந்தோம். மைதானம் அளவு பிசகினால் ஆட்டம் கோவில்பட்டிக்குப் போய்விடும். எங்கள் கதை அதோடு முடிந்தது.

கோலுக்கு முன்னால் அரைவட்டம் போட வேண்டும். அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் செல்லும். நீள டேப்புக்கு எங்கே போவது? ஜெயராணி என் அப்பாவின் சைக்கிள் சக்கரத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளந்து 22/7ஆல் பெருக்கி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று சொன்னாள். பரீட்சைக்கு வெளியிலும் அந்தக் கணக்குக்கு வேலை உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது! ராத்திரி மழை பெய்திருந்தது. விடிந்ததும் சைக்கிளை உருட்டி, சுற்றுகளை எண்ணி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.

நடுவராக வந்த சார் நடந்து அளந்தார். கிழக்கு வட்டம் சரி. மேற்கு வட்டம் பெரிசு.

"என்னம்மா இது? பேசாம கோவில்பட்டியிலயே வச்சுக்கிடுவோம்."

நான் மிச்சச் சுண்ணாம்பை அள்ளத் தொடங்கினேன். ஜெயராணியோ சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண் அடைத்துக்கொள்ளும் என்று மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மட்கார்டைக் கழற்றிவிடுவார்கள். அதனால் சேறு எவ்வளவு ஒட்டினாலும் சக்கரம் பாட்டுக்கு ஓடும்.

"ஏட்டி, டயரப் பாரு! கெழக்க போடும்போது சுத்தமா இருந்துச்சு, மேக்க வரும்போது மண்ணு அப்பி சக்கரமே பெருத்துட்டு. அதான் சுத்துக்குச் சுத்து கூட ஓடியிருக்கு." சாரிடம் திரும்பினாள். "அர மணி நேரம் குடுங்க சார். சரியாப் போட்டுக் காட்டுதோம்."

அவள் உருட்ட, நான் கூடவே குனிந்து ஒவ்வொரு சுற்றுக்கும் மண்ணைச் சுரண்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. சார் மறுபடி அளந்தார், விசிலை எடுத்தார்.

ஆட்டத்தில் தோற்றோம், அதை விடுங்கள். மேற்கு வட்டத்துக்குள் நின்று நான் ஒரு கோல் அடித்தேன். சைக்கிளைக் காணோம் என்று தேடி வந்த அப்பா, முடியும்வரை நின்று பார்த்தார்.

அந்த மைதானம் இப்போது வீட்டுமனை. வரிசையாக எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். ஜெயராணி கல்யாணமாகிப் போய், எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியவில்லை. நேற்று வரும் வழியில் செருப்போடு அந்தச் சேற்றில் இறங்கி நின்றேன். எங்கே நின்று அடித்தால் கோல் செல்லும் என்று என் காலுக்கு இன்னும் தெரிகிறது.