அடுத்த வீட்டு ஒப்பாரியில் என் அப்பா

எனக்கு ஒரு வயது நடக்கும்போது கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பாறை சரிந்து அப்பா இறந்துபோனார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்து ஜீவனஹள்ளியில் குடியேறினார். அப்பாவைப் பற்றிக் கேட்டால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டது போல இருந்துவிடுவார். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது.

ஆனால் சாவு வீட்டில் அம்மா பாடுவார். எங்களைப் போலவே இங்கே குடிவந்த தங்கவயல் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முதலில் அந்த வீட்டுப் பிணத்துக்கு ஒப்பாரி வைப்பார்கள். அப்புறம் அவரவர் வீட்டில் செத்தவர்களை நினைத்துப் பாடுவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கேதான் எனக்கு அப்பா கிடைத்தார், துண்டு துண்டாக. அவருடைய பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்கு நடந்தே வந்தார் என்பது ஒரு சாவில். அவருக்குச் சுருட்டை முடி என்பது இன்னொரு சாவில்.

ஒருநாள் அம்மாவை வீட்டிலேயே பாடச் சொல்லி, பதிவு செய்யப் போனை நீட்டினேன்.

"வெளக்கு எரியற வூட்ல ஒப்பாரி வெப்பாங்களாடி? புத்தி கெட்டவளே!"

அதனால் அம்மாவோடு எல்லாச் சாவுக்கும் போகிறேன். லீவு கேட்டால், பொம்மசந்திரா ஆபீஸில் மேனேஜர், "மேடம், உங்க சொந்தக்காரங்க யாராச்சும் மிச்சம் இருக்காங்களா?" என்கிறார். வெட்கக்கேடுதான். ஆனாலும் சாவுச் செய்தி வந்தால் எனக்குள் ஓர் ஆசை கிளம்பிவிடுகிறது.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. தூறிக்கொண்டிருந்தது. ஊதுபத்திப் புகையில் சுவரோரமாகச் சாய்ந்து கண்ணை மூடினேன். குரல்கள் ஏறின, இறங்கின. எனக்கு நினைவே இல்லாத ஊரில் நான் நடப்பது போல இருந்தது. தகரக் கூரைகள், சுரங்கத்திலிருந்து கொட்டிய வெள்ளை மண்மேடுகள், எங்கோ ஷிப்டுக்குச் சங்கு ஊதும் சத்தம். அப்போது அம்மாவின் குரல் மட்டும் தனியாக எழுந்தது.

"சட்டையப் புடிச்சிருந்த சின்ன வெரல் அஞ்சையும்
ஒண்ணொண்ணா எடுத்துவுட்டு ஷிப்டுக்குப் போனியே, எஞ்சாமி..."

இதுவரை பாடாத வரி. கண்ணைத் திறந்து என் விரல்களைப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "அம்மா, அது என் கைதானே?"

"அங்க அழுததை ரோட்டுல கேக்காதே."

ஆனால் அவர் மறுக்கவில்லை. குடையை என் பக்கம் சாய்த்தபடி நடந்தார். எனக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அப்பாவை எனக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி ஷிப்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு அவரைப் போக விடாமல் பிடித்தவள் நான் ஒருத்திதான்.