காலித் தட்டு

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு ஜன்னலக்கா என்று பெயர். சாப்பிட்டு முடித்தவர்கள் தட்டைக் கொண்டுவந்து நீட்டும் ஜன்னலுக்கு உள்பக்கம் நிற்பவள் அவள். தட்டை வாங்கி, மிச்சத்தை வாளியில் தட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளுவாள். பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான் வேலை. ஆனால் எது எடுபட்டது, எது ஊத்திக்கொண்டது என்று தலைமைச் சமையல்காரர் கேட்க வருவது அவளிடம்தான்.

"பீன்ஸ் சரியா வேகல மாஸ்டர். பாதிப் பேரு ஓரமா ஒதுக்கிட்டாங்க" என்பாள்.

வாயால் சொல்வதை அவள் நம்புவதில்லை. முகத்துக்கு நேராக எல்லாரும் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள். தட்டு மட்டும் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியை வீட்டுக்கும் கொண்டுபோனாளே, அங்கேதான் வினை பிடித்தது.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. கணவன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஓரிரு நாள் தலைகாட்டுவான். மற்ற நாட்களில் அவளும் மாமனாரும்தான். அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். விடியற்காலையில் எழுந்து அவருக்குச் சோறு, பருப்பு, ஒரு காய், சில நாள் கீரை என்று தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அவள் வீட்டிலிருக்கும் நாட்களிலும் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போவார், காலியாகத்தான் கொண்டுவருவார். இரவில் மட்டும், "மதியம் சாப்பிட்டதே நெஞ்சுல நிக்குதும்மா, டீயும் பன்னும் போதும்" என்பார். மதியத் தட்டைத்தான் பார்த்தாயிற்றே என்று அவளும் விட்டுவிடுவாள்.

"எங்க மாமா ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாரு" என்று கேன்டீனில் பெருமை வேறு.

அவர் இளைக்க ஆரம்பித்தார். அவள் இன்னொரு கரண்டி கூடுதலாக வைத்தாள். மாலை நடை நின்றது, கால் வலிக்கிறது என்றார். வயசாச்சு என்று அவரே சமாதானமும் சொன்னார். அவர் இளைத்த அதே மாதங்களில் பின்பக்கம் சுற்றும் தெருநாய் ஒன்று மினுமினுவென்று உருண்டு திரண்டது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கணவனும் வீட்டிலிருந்த ஒரு விடுமுறை நாளில் நாத்தனார் வந்தாள். கணவனுக்கு மூத்தவள், ஊர் நியாயம் முழுவதும் தன் மடியில் கட்டியிருப்பதாக நினைப்பு. அப்பாவுக்குக் கால் நகம் வெட்டிவிட உட்கார்ந்தவள், அவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். கெண்டைக்காலில், தொடையில், கருநீலமாய்ப் பெரிய பெரிய திட்டுகள். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது.

"அப்பா, யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கலம்மா. தானா வந்துச்சு."

"தானா வருமா? யாருக்குப் பயந்துகிட்டு இப்படிச் சொல்றீங்க?"

பெரியவர் மருமகளை ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வை எல்லாவற்றையும் கெடுத்தது.

"பாத்தியாடா? வாயைத் திறக்கவே பயப்படறாரு. வேலைக்குப் போற எரிச்சலையெல்லாம் இந்த மனுஷன் மேல காட்டறாளா உன் பொண்டாட்டி?"

கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்ன பேசறக்கா என்று அவன் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அதைத் தவிர அந்த நிமிடத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் எதுவும் சொல்லவில்லை. அவள் கைகளைப் பார்த்தான். தட்டு கழுவிக் கழுவிக் காய்த்துப்போன இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி அவளுக்குள் ஏதோ மரத்துப்போனது. "நான் தொடலண்ணி" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. நாத்தனாரின் குரல் மாடிப்படி வழியே கீழ்த்தளம்வரை போயிருந்தது. தண்ணீர் பிடிக்க இறங்கியபோது கீழ்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுவோம். இது அடிதான்னு அவங்க வாயால வரட்டும், அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று நாத்தனார் தீர்ப்பு சொன்னாள். அப்படி வந்துவிட்டால் இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பயம் வரவில்லை. இரவுச் சமையலை முடித்தாள், பாத்திரம் கழுவினாள், படுத்தாள்.

மறுநாள் டாக்டரம்மா திட்டுகளை அழுத்திப் பார்த்தார். கால் முடிகளைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக இருந்த சிவப்புப் புள்ளிகளை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நாத்தனார் ஆரம்பித்த கதையைக் கையமர்த்திவிட்டுப் பெரியவரிடம் கேட்டார்.

"நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க ஐயா?"

பெரியவர் மறுபடியும் மருமகளைப் பார்த்தார். "டீ. அதுல பன்னு நனைச்சு."

"அதுக்கு முந்தின நாள்?"

"அதேதான்."

"மாமா, தட்டு காலியா இருந்துச்சே!" என்றாள் அவள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய பல் செட். "கொஞ்ச மாசமா ஆடுதும்மா. மெல்ல முடியல. நீ விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைக்கற. எனக்குன்னு தனியா குழைச்சு வேற வைக்கணுமான்னு... பின்னாடி போற நாய்க்குப் போட்டுட்டேன்."

ஆக, அவர் பயந்தது அடிக்கல்ல. அவள் சமைத்ததை நாய்க்குப் போட்டது தெரிந்துவிடுமே என்றுதான்.

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ஆனா எனக்கு சந்தேகமே இல்ல, வைட்டமின் சி குறைவு" என்றார் டாக்டரம்மா. "வயிறு நிறையறது வேற, உடம்புக்குச் சத்து சேர்றது வேற. டீயும் பன்னும் பசியை அடக்கும், அவ்வளவுதான். இந்தச் சத்து இல்லைன்னா ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாயிடும். கட்டில் கால்ல லேசா இடிச்சாக்கூட உள்ள கசிஞ்சு இப்படித் திட்டா நிக்கும். சொந்தப் பல்லு இருந்திருந்தா ஈறு வீங்கி ரத்தம் வந்து முன்னாடியே காட்டிக் கொடுத்திருக்கும். நம்ம உடம்பு இதைத் தானா தயாரிக்காது. பழம், காய்ல இருந்துதான் வரணும்."

நாய்களுக்கு அந்தச் சத்தை உடம்பே தயாரித்துக்கொள்ளுமாம். தேவையே இல்லாத ஜீவனுக்கு மாதக்கணக்கில் விருந்து நடந்திருக்கிறது.

"அப்போ அடி இல்லையா?" என்று கேட்டாள் நாத்தனார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டாள்.

"யாரு அடிச்சா?" என்றார் டாக்டரம்மா. கணவன் சுவரில் ஒட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தான்.

நாத்தனார் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்பு அதற்குள் எங்கேயோ இருக்க வேண்டும். மாத்திரையும், பழச்சாறும், மசித்த கொய்யாவும், அளவாக வேகவைத்துக் குழைத்த காயும் போகப் போக, திட்டுகள் பச்சையாகி, மஞ்சளாகி, இருந்த இடம் தெரியாமல் போயின. புதிய பல் செட் வந்தது. பெரியவர் மறுபடி நடக்கப் போனார். இப்போது அவள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயும் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பின்பக்கம் நாய் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது.

கேன்டீனில் மாஸ்டர் வழக்கம்போல வந்தார். "இன்னைக்கு எப்படி ஜன்னலக்கா?"

"தட்டெல்லாம் காலிதான் மாஸ்டர். சாப்பிட்டாங்களான்னு எனக்குத் தெரியாது."

நல்ல தமாஷ் என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த முறை வந்த கணவன் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "டாக்டர் சொன்ன அன்னைக்கே முடிஞ்சுபோன விஷயம். இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"தூக்கி வைக்கலங்க."

உண்மைதான். கோபம் இருக்கிறதா என்று அவளே உள்ளே தேடிப் பார்த்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அவனுக்குப் பிடித்த அளவில் உப்புப் போட்டிருந்தாள். சூடாக இருந்தபோதே பரிமாறினாள்.

"அக்கா பேசினதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் ஏதாவது சொன்னேனா? ஒரு வார்த்தை?"

"இல்லங்க" என்றாள். "நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்துத் தட்டை நீட்டினான். ஒரு பருக்கை மிச்சமில்லை. அவள் வாங்கிக்கொண்டாள்.