வெட்டி வைத்த நாலு நிமிசம்

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் பத்து வருசம் ஆப்பரேட்டராக இருந்தேன். படிப்பு அஞ்சாவதோடு சரி. ரீலை ஓட்டத் தெரியும், ஒட்டத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு படம் வந்தது. அப்பனைக் கொன்றவனைத் தேடி அலைந்து மகனுக்குப் புத்தி பேதலித்துப்போகும். கடைசியில் வெட்டிவிடுவான். அதோடு முடியாது. வெட்டுப்பட்டவனின் மகள் வாசலில் நின்று இவனையே பார்ப்பாள். நாலு நிமிசம். பேச்சே கிடையாது.

"எங்க ஆளுகளக் கொலகாரனாக் காட்டுறான்" என்று ஒரு கூட்டம் போஸ்டரில் சாணி அடித்தது. உள்ளே இன்னொரு கூட்டம் வெட்டுக்கு விசிலடித்தது, அந்த நாலு நிமிசத்துக்குச் சேரை உடைத்தது.

முதலாளி சொன்னார். "அந்த அழுவாச்சியத் தூக்குய்யா. வெட்டுனதும் வணக்கம் கார்டப் போட்டுரு."

தூக்கினேன். வெட்டிய பிலிம் துண்டு தகர டப்பாவில் கிடந்தது.

அதுக்குப் பல வருசம் முன்னாடி என் அண்ணனை வாய்க்கால் தகராறில் பக்கத்துத் தெருக்காரன் குத்திக் கொன்றான். ஜெயிலுக்குப் போனவன் படம் ஓடிய அந்த மாசம் வெளியே வரப்போவதாகப் பேச்சு. அண்ணன் மகன் ஆட்டோ ஓட்டினான். தொடர்ந்து அஞ்சு நாள் மேட்னி பார்த்தான். அஞ்சாம் நாள் கேபினுக்கு ஏறி வந்தான்.

"அவனச் சாச்சுப்புட்டான் பாத்தீகளா சித்தப்பா? அம்புட்டுத்தான் வேல."

"பெறகு?"

"பெறகென்ன? வணக்கம் போட்டாச்சுல்ல."

வணக்கம் போட்டது நான்.

"நாளைக்கும் வா. தனியா வா" என்றேன்.

மறுநாள் காலையிலேயே போய்த் துண்டை எடுத்து ஒட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. மேட்னியில் அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள்.

"யோவ் ஆப்பரேட்டரு, செத்துட்டியா?" என்று கீழே கத்தினார்கள்.

சேர் உடைந்தது. முதலாளி கேபின் கதவை இடித்தார். தாழ்ப்பாள் போட்டிருந்தேன். படம் விழும் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன். அண்ணன் மகன் எழுந்திருக்கவில்லை.

லைட் போட்டபிறகு மேலே வந்தான்.

"இது முன்னாடி இல்லையே?"

"இருந்துச்சு. நாந்தான் வெட்டி வச்சிருந்தேன்."

படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"அந்தாளுக்குப் பிள்ளைக இருக்கா சித்தப்பா?"

"ரெண்டு. பொட்டப்பிள்ளைக."

இறங்கிப் போய்விட்டான்.

அன்றைக்கே என் வேலை போனது. அடுத்த வாரம் அந்த ஆள் விடுதலையாகி வந்தான். இன்றைக்கும் அதே தெருவில்தான் இருக்கிறான். அண்ணன் மகனின் ஆட்டோவும் அந்த வழியாகத்தான் போகும். நிற்காது.