போட்டுக்கொள்ளும் எடை

கல்யாணமாகி ஒன்றரை மாதம் வரை, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் கணவர் என்னதான் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. திருமுல்லைவாயிலில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மூன்று மணிக்கு அவருடைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். ஹாலில் பாய் விரித்து, நடுவில் கட்டம் போட்ட சார்ட் பேப்பரை வைத்து, எட்டு முகமும் இருபது முகமும் உள்ள விசித்திரமான பகடைகளை உருட்டிக்கொண்டு ஏழு மணி வரை கத்துவார்கள். சீட்டாட்டமாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். இது எதில் சேர்த்தி என்று தெரியாததால் கோபிக்கவும் வழியில்லை.

கேட்டுக் கேட்டு மெல்லப் பிடிபட்டது. ஒருவர் கதை சொல்கிறார். கோட்டை, காடு, பூதம் என்று ராஜா காலத்துக் கதை. மற்ற இருவரும் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரம். “கதவை உடைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரம் எவ்வளவு பலசாலி, கையில் என்ன வைத்திருக்கிறான், எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் எண்கள்.

கதை சொல்கிறவர் பாடியில் குடியிருப்பவர், எனக்குப் பாடி அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், செய்து முடித்த உதிரி பாகங்களை அளந்து பார்த்துத் தேறியதா இல்லையா என்று பிரிக்கிற வேலை. அந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமையும் லீவு எடுக்காது. என் கணவர் அவருக்கு ‘மச்சான்’ என்பதால், தாலி ஏறிய அன்றே நான் ‘தங்கச்சி’ ஆகிவிட்டேன். இன்னொருவர் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர். அப்பா ராணுவத்துக்கான துணிமணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் திருநெல்வேலியை விட்டு வந்த குடும்பம். அதிகம் பேச மாட்டார்.

நான் குமணன்சாவடிப் பெண். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ அறை டெக்னீஷியன். இரண்டு பஸ் மாறி ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்ததும், செருப்பைக்கூட ஒழுங்காக வைக்காமல் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். அரை மணி நேரம் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. என் கணவர் டீ போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வீட்டார் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். ஒருவரை ஒருவர் இன்னும் விருந்தாளி மாதிரிதான் நடத்திக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலின் ஓரத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதையில் என் கணவர் ஒரு போர்வீரன். இரும்புக் கவசம் போட்டவன். பின்னால் எதிரிகள் துரத்தி வருகிறார்கள், முன்னால் ஒரு மரப்பாலம். பாடி அண்ணன் தாளைப் பார்த்து எண்களைக் கூட்டினார்.

“மச்சான், உன் கவசம் இருபத்தஞ்சு கிலோ. கத்தி, கேடயம், தண்ணிப் பை, கயிறு எல்லாம் சேத்தா முப்பத்தெட்டு. உன் ஆளு தாங்கறது முப்பதுதான். அதனால பாதி வேகம். பாலத்தைத் தாண்டறதுக்குள்ள புட்ச்சிருவானுங்க.”

“அதெப்படிடா? சின்ன வயசுலேர்ந்து கவசம் போட்டுப் பழகினவன்டா அவன்.”

“பழகினா எடை கொறைஞ்சிருமா? புக்குல அப்டித்தான் போட்டுகீது.”

“புக்கு எழுதினவன் கவசம் போட்டுப் பார்த்தானா?”

“நீ போட்டுப் பாத்தியா?”

இதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணா, கணக்கு தப்பு” என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவர்கள் ஆட்டத்தில் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

“இன்னா தங்கச்சி, கூட்டல்ல தப்பா?”

“கூட்டல் சரிதான். கையில தூக்கற எடையும் உடம்புல போட்டுக்கற எடையும் ஒண்ணு இல்ல. நான் தினம் லெட் ஏப்ரன் போடறேன். எக்ஸ்ரே கதிர் உடம்புல படாம இருக்க ஈயம் வெச்ச அங்கி. ஏழு கிலோ. அதைப் போட்டுகிட்டு நடக்கறேன், குனியறேன், அவசரம்னா ஓடறேன். அதையே மடிச்சுக் கையில வெச்சுகிட்டு ஓடச் சொன்னா முடியாது.”

பாடி அண்ணன் சும்மா ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அளந்து பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றும் ஐந்து கிலோ கோதுமை மாவுப் பை ஒன்றும் பிரிக்காமல் இருந்தன. முதலில் பாடி அண்ணனை வெறுங்கையோடு மாடிப்படி இறங்கி ஏறச் சொன்னேன். அடுத்து இரண்டையும் ஒரு கட்டைப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மறுபடி இறங்கி ஏறி வந்தார். போனில் நேரம் பார்த்தார்கள். பிறகு இரண்டு துப்பட்டாவை எடுத்து, அரிசியை நெஞ்சிலும் மாவை முதுகிலும் இறுக்கமாக வைத்துக் கட்டினேன். மறுபடி இறங்கி ஏறினார். கீழ்வீட்டு அம்மா வாசலுக்கே வந்து பார்த்தார்கள். வெறும் ஆளாக ஏறியதற்கும் இதற்கும் இரண்டு மூன்று விநாடிதான் வித்தியாசம். பையைக் கையில் தூக்கியபோது பத்து விநாடிக்கு மேல் கூடியிருந்தது.

“பாத்தியா!” என்று என் கணவர் எழுந்து நின்று கை தட்டினார். “என் ஆளு பாலத்தைத் தாண்டிட்டான்.”

“இருங்க, இன்னும் முடியல” என்றேன். “அண்ணா, கட்டினது அப்படியே இருக்கட்டும். நின்னுகிட்டே மீதிக் கதையைச் சொல்லுங்க. உக்காரக் கூடாது.”

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. தளபதி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக் கதை சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் கை அடிக்கடி கழுத்துக்குப் போனது. பிறகு ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதையில் பூதத்தின் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னார். ஒரு கட்டத்தில் சுவரில் சாய்ந்தார்.

“சாயக் கூடாதுண்ணா. எங்க ரூம்ல சாய இடம் கிடையாது.”

நிமிர்ந்தார். ஒரு மணி நேரம் தாண்டியதும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, நீ எவ்ளோ நேரம் இப்டி நிப்பே?”

“கேஸைப் பொறுத்து. தொடர்ந்து மூணு வந்தா நாலு மணி நேரம். ஆனா எனக்கு ஏழு கிலோதான். உங்களுக்கு மூணு கிலோ ஜாஸ்தி.”

“தெனமுமா?”

“ஞாயித்துக்கிழமை லீவு” என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என் கணவர் எழுந்து போய் நண்பனின் முதுகில் இருந்த முடிச்சுகளை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது அவர் பார்வை என் மேல்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார்.

“தோள்ல எந்த இடம்?”

காட்டினேன். கழுத்தும் தோளும் சேரும் இடம், இடப்பக்கம் கொஞ்சம் அதிகம். கட்டைவிரலால் அழுத்தினார். அவருக்கு அழுத்தவே தெரியவில்லை, வலி இருக்கும் இடத்தை விட்டு இரண்டு விரல் தள்ளியே அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வலிக்குதா?”

“இல்ல. சாயங்காலம் வந்து படுத்துக்கறேனே, அது உங்க மேல கோவம் இல்ல.”

அவர் கை நின்றது. “நான் அப்படித்தான் நெனச்சிகிட்டிருந்தேன்” என்றார். “இந்தக் கல்யாணம் உனக்குப் புடிக்கலையோன்னு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.”

ஒன்றரை மாதமாக ஒரு மனிதர் டீயை வைத்துவிட்டு பால்கனியில் நின்று இதைத்தான் யோசித்திருக்கிறார். “டீ ஆறிப்போனாலும் தினம் குடிச்சேனே, அதுலேர்ந்து தெரியலையா?” என்று கேட்டேன். தெரியவில்லையாம்.

அடுத்த வாரத்தில் இருந்து நானும் பாயில் உட்கார்ந்தேன். பாடி அண்ணன் கவச விதியைப் புதிதாக எழுத ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். என்னைப் போட்டுத் துளைத்து எடுத்தார். வேர்வை எப்போது ஆரம்பிக்கும்? கையைத் தலைக்கு மேல் தூக்கினால் எங்கே பிடிக்கும்? கழற்றிய உடனே சரியாகுமா, நேரமாகுமா? கழற்றியதும் காற்றில் மிதப்பது மாதிரி இருக்கும், வலி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வரும் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். கடைசியில் விதி இப்படி ஆனது: கவசம் போட்டவன் ஓடலாம், வேகம் கொஞ்சம்தான் குறையும். ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சோர்வுப் புள்ளி ஏறும், வெயிலில் இரண்டு. தோளில் மட்டும் தொங்கும் கவசம் சீக்கிரம் சோர்வு தரும். முதுகுப் பக்கம் வார் உள்ள கவசத்தைத் தனியாளாகப் போடவோ கழற்றவோ முடியாது, இன்னொருவர் தன் முறையை விட்டுக்கொடுத்து உதவ வேண்டும். எங்கள் அறையிலும் அப்படித்தான். என் ஏப்ரனின் முதுகுப் பட்டையை உடன் வேலை பார்க்கும் பெண் ஒட்டிவிடுவாள், அவளுடையதை நான் ஒட்டிவிடுவேன்.

தோள் விஷயத்தை எழுதும்போதுதான் ஆவடி அண்ணன் வாயைத் திறந்தார்.

“எங்கப்பா சொல்லுவாவ, பட்டாளத்துக்காரங்க பெரிய பைக்கு இடுப்புல அகலமா ஒரு வார் இருக்குமாம். அதை இறுக்கிட்டா எடை இடுப்புல உக்காந்துருமாம். தோளுக்கு அவ்வளவு தெரியாதாம்.”

“அப்ப இடுப்பு வார் இருந்தா சோர்வுப் புள்ளி பாதி” என்று பாடி அண்ணன் எழுதிக்கொண்டார். என் கணவர் எதையும் எழுதவில்லை. ஆவடி அண்ணனிடம் அவர் அப்பா வீட்டில் எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டார்.

மறுநாள் வேலை முடிந்து இவர் நேராக ஆவடி போயிருக்கிறார். அந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு, ராணுவக்காரர்களுக்கான பெல்ட், ஷூ விற்கிற கடைகளில் மூன்று ஏறி இறங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நைலான் வார் வாங்கி வந்தார். என் இடுப்பு அளவு தெரியாததால் உத்தேசமாகத் தன் கையை வளைத்துக் காட்டினாராம். கடைக்காரர் சிரித்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் காது சிவந்தது. அளவு நான்கு விரல் பெரிது. அந்தப் பெரியவரே தன் தையல் மெஷினில் உட்கார்ந்து சுருக்கிக் கொடுத்தார்.

ஏப்ரன் மேல் அதைக் கட்டிக்கொண்டு முதல் நாள் நின்றபோது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இரண்டாவது கேஸ் முடியும்போது கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், திரும்பியது. டாக்டர் என்னைப் பார்த்து, “என்னம்மா, சண்டைக்குக் கிளம்பிட்டியா?” என்றார். வலி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் போகாமல் பால்கனிக்குப் போனேன். அவர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு டம்ளரோடும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். ஆவடி லோக்கல் ரயில் ஒன்று போனது, இன்னொன்று போனது. நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். அடுத்த வாரம் என் முதுகுப் பட்டையை ஒட்டிவிடும் பெண் தனக்கும் ஒரு வார் வேண்டும் என்றாள்.

ஆட்டத்தில் எனக்கும் ஒரு பாத்திரம் கிடைத்தது. இரும்புக் கவசம் போட்ட வீராங்கனை. என் கணவர் போர்வீரனை விட்டுவிட்டுத் திருடனாக மாறிக்கொண்டார். ஒரு நாள் பெரிய சண்டை முடிந்து, என் ஆள் ஏழு சோர்வுப் புள்ளியோடு குகைக்குள் விழுந்து கிடந்தாள். எட்டாவது ஏறினால் மயக்கம். எதிரே ஒரு பூட்டிய பெட்டி. மூன்று மாதமாக என் கணவர் தேடி அலைந்த பெட்டி அதுதான். குகை இடியத் தொடங்கிவிட்டது, ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் இருந்தது.

“மச்சான், பூட்டைத் தெறக்கிறியா?”

“இல்ல. அவ பின்னால போய் வாரை அவுக்கறேன்.”

“டேய், பொட்டி போயிரும்டா. நல்லா யோசி.”

“போவட்டும்” என்றார் அவர், பகடையைக் கையில் எடுக்காமலே. பாடி அண்ணன் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குகையை இடித்தார். பெட்டி போயேவிட்டது. அதற்குள் என்ன இருந்தது என்று அவர் இன்று வரை சொல்லவில்லை.

இப்போது எங்கள் மருத்துவமனையில் இடுப்பும் எடையைப் பங்கிட்டுக்கொள்ளும்படி மேல் தனி, கீழ் தனியாக இரண்டு துண்டு ஏப்ரன் வந்துவிட்டது. நான் இந்த வருடம் ஸ்கேன் பிரிவுக்கு மாறிவிட்டதால் அதுவும் எப்போதாவதுதான். பாடி அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அவரால் வெளியே வர முடியாததால் நாங்கள்தான் பாடிக்குப் போகிறோம். குழந்தை ஹாலில் தூங்கும். அதனால் எல்லோரும் குசுகுசுவென்றுதான் சண்டை போடுகிறோம். பகடை சத்தம் கேட்கக் கூடாது என்று தரையில் ஒரு டவலை நான்காக மடித்துப் போட்டிருக்கிறார் அவர் மனைவி. போன வாரம் டவலில் ஒரு பகடை சரியாக உருளாமல் சாய்ந்து நின்றது. அது செல்லுமா செல்லாதா என்று அவர்கள் குரலே எழும்பாமல் வாயை மட்டும் அசைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். குழந்தை விழித்துக்கொண்டது.